பனிக்குடம் உடைந்த தெரு

டெக்சாஸின் ரவுண்ட் ராக் நகரத்தில் மெஸ்கீட் லூப் என்ற தெருவில் இருபத்து மூன்றாம் எண் வீட்டில் குடியிருக்கும் பஸீலாவுக்கு, 2023 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. அன்றைக்கு வரத் தொடங்கிய நீர் இன்றுவரை நிற்கவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அப்போது பதினேழரை வாரம். பள்ளிக்கூட பஸ் மகள் ஆஸிபாவை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் முனை திரும்பியிருந்தது. பஸீலா சமையலறையில் நின்றபடி, மகள் பாதி தின்று வைத்துவிட்டுப் போன தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். காலடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. பாத்திரம் கழுவும் மெஷின்தான் ஒழுகுகிறது என்று நினைத்து அதைத் திட்டினாள். மூன்று வாரமாக அது முனகிக்கொண்டிருந்ததால் அந்தத் திட்டு அதற்குச் சேர வேண்டியதுதான். பிறகு குனிந்து பார்த்தாள். நைட்டி முட்டிவரை நனைந்திருந்தது. மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த கணவனை, அவள் பத்து வருடத்தில் கூப்பிடாத குரலில் கூப்பிட்டாள்.

ஹாஜா நஜ்முதீன் ஊரறிந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவன், கிரீன் கார்டு வரிசையில் எட்டு வருடமாக நிற்கிறவன், எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் யாருக்கு எப்போது என்ன காய்ச்சல் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒரு நீல ஃபைலில் கோத்து வைத்திருந்தான். நம் ஊர் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு எதை மறந்தாலும் ஃபைலை மறக்க மாட்டார்கள். வீடு தீப்பிடித்தாலும் முதலில் பாஸ்போர்ட்டையும் அடுத்து ஃபைலையும் எடுக்கிற சாதி நாம். ஹாஜா காரில் பழைய துண்டுகளை விரித்து, பஸீலாவை உட்கார வைத்து, ஃபைலை அவள் மடியில் கொடுத்தான். அந்த ஃபைலின் நடுவில், 2019-இல் சென்னை ராயப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் இருந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு கரு தானாகக் கலைந்து, அதைச் சுத்தம் செய்து அனுப்பிய தாள். அதில் கொட்டை எழுத்தில் ‘அபார்ஷன்’ என்று போட்டிருந்தது.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் கரு கலைந்துவிட்டது என்று தமிழில் சொல்ல வாய் வராததால், இங்கிலீஷுக்குத் தாவி, ‘அபார்ஷன் ஆயிடுச்சு’ என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். தானாகப் போனால் ஆயிடுச்சு, வேண்டாமென்று போய்ச் செய்துகொண்டால் பண்ணிக்கிட்டா. நல்லது கெட்டது எல்லாம் அந்த ஆயிடுச்சிலும் பண்ணிக்கிட்டாவிலும்தான் இருக்கிறது. நடுவில் இருக்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு நம்மிடம் எந்தக் கெட்ட பெயரும் கிடையாது. பஸீலாவின் உம்மா, அத்தைகள், ராயப்பேட்டை டாக்டரம்மா எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். 2019-க்குப் பிறகு நாலு வருடம் துஆ கேட்டு, மாத்திரை விழுங்கி, ஊசி போட்டு உண்டானதுதான் இப்போது வயிற்றிலிருந்த பிள்ளை. அதைத் தக்கவைக்கத்தான் அவள் எல்லாவற்றையும் டாக்டர்களிடம் ஒளிக்காமல் சொல்லிப் பழகியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் குறிப்பு எடுத்த நர்ஸ், இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டாள். பஸீலா இங்கிலீஷில், ஆமாம், 2019-இல் எனக்கு அபார்ஷன் இருந்தது என்றாள். ஆயிடுச்சு என்பது இங்கிலீஷுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டதற்கு, மறுபடியும் அபார்ஷன் மாதிரி இருக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்றாள். ஏதாவது எடுத்துக்கொண்டாயா என்று நர்ஸ் கேட்டாள். எடுத்துக்கொண்டேன், காலையில் ஒரு டேப்லெட் என்று சொன்னாள். அது தினமும் டாக்டர் சொல்லி விழுங்குகிற சத்து மாத்திரை. நர்ஸின் விரல்கள் கீபோர்டில் நின்றன. அவள் எழுந்து போய் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒரு அம்மாளைக் கூட்டி வந்தாள். அந்த அம்மாள் ஹாஜாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அதே கேள்விகளை அதே வரிசையில் திரும்பக் கேட்டாள். பஸீலா அதே பதில்களை இன்னும் தெளிவாகவும் சத்தமாகவும் சொன்னாள். ஆதாரம் வேண்டுமே என்று ஃபைலைப் பிரித்து ராயப்பேட்டைத் தாளையும் காட்டினாள்.

பார்க்க வந்த டாக்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண், நல்லவள். ஸ்கேனில் பனிக்குடம் வற்றிக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் பிள்ளையின் நுரையீரல் வளராது, இந்தப் பிள்ளை பிழைக்க வழியில்லை என்று அவள் பஸீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் அதன் நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கிறது, துடிக்கிறவரைக்கும் டெக்சாஸில் வந்திருக்கும் கருக்கலைப்புத் தடைச் சட்டப்படி தன்னால் எதுவும் செய்ய முடியாது, தாயின் உயிருக்கே ஆபத்து என்று எழுதும் நிலை வந்தால்தான் கை வைக்க முடியும் என்றாள். அந்த நிலை எப்போது வரும் என்று ஹாஜா கேட்டான். காய்ச்சல் நூறு புள்ளி நான்கைத் தாண்டினால் உடனே வாருங்கள் என்றாள். தாண்டுவதற்கு முன்னால் வந்தால் என்ன என்று கேட்டதற்கு, அவள் கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே அந்த அம்மாள் நின்றிருந்தாள். இப்போது உங்களுக்கு ஒன்றுமில்லை, ஆரோக்கியமாக இருக்கிறீர்கள் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஸ்கேன் வற்றிவிட்டது என்று சொன்னதே தவிர, நீர் அப்படி நினைக்கவில்லை. பாதி திறந்த குழாய் அளவுக்கு அது வந்துகொண்டேயிருந்தது. முதல் நாள் வீட்டிலிருந்த அத்தனை துண்டும் முடிந்தது, இரண்டாம் நாள் படுக்கையறைக் கம்பளத்தைப் பிய்த்தெடுத்தார்கள். ஹாஜா பொறியியல் படித்தவன் ஆகையால் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தான். பதினோரு நிமிடத்துக்கு ஒரு வாளி. மூன்றாம் நாள் கடைக்குப் போய், வெள்ளம் புகுந்த வீடுகளில் தண்ணீரை இறைக்கிற சின்ன பம்பு ஒன்றை வாங்கி வந்து, ஜன்னல் வழியாக வெள்ளைக் குழாய் விட்டு, புல்தரையைத் தாண்டி மழைநீர்க் கால்வாயில் சேர்த்தான். நீர் தெளிவாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது, லேசான இனிப்பு வாடை அடித்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஆஸிபா மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தாள். உம்மா ஒழுகுகிறதை நினைத்துப் பயப்படாதே கண்ணு என்று பஸீலா சொன்னதற்கு, “இட்ஸ் ஓகே ம்மா, ஐ லைக் த சவுண்ட்” என்றாள்.

இரண்டு தெரு தள்ளி ரெபெக்கா இருந்தாள். நாசரேத்துக்காரி, வேறொரு ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவு நர்ஸ். விஷயம் தெரிந்து தெர்மாமீட்டரோடும் ஒரு பெரிய டப்பா ரசத்தோடும் வந்தாள். பூட்ஸைக் கழற்றப் போனவள் தரையைப் பார்த்துவிட்டுப் போட்டபடியே உள்ளே வந்தாள்.

“அக்கா, ட்ரியாஜ்ல குறிப்பெடுத்த நர்ஸ்கிட்ட என்ன சொன்னீங்க? ஒரு வார்த்த விடாம சொல்லுங்க.”

பஸீலா சொன்னாள். ரெபெக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா. இங்க அபார்ஷன்னா நாமளா போய்ப் பண்றது. தானா ஆனா மிஸ்கேரேஜ். அந்த வார்த்தைய இந்த ஊர்ல வாயில எடுக்கவே கூடாதுக்கா.”

“நம்மூர்ல எல்லாரும் அப்படித்தானே ரெபெக்கா சொல்வோம்?”

“நானும் வந்த புதுசுல ஃபார்ம்ல அப்படித்தான் எழுதுனேன். அப்பல்லாம் சிரிச்சுட்டு அடிச்சு விட்டுட்டாங்க. இப்ப யாரும் சிரிக்கறதில்லக்கா. அந்தப் பேப்பர வேற காட்டிட்டு வந்திருக்கீங்களே.”

பஸீலாவுக்கு அந்த நிமிடம்தான் எல்லாம் விளங்கியது. நர்ஸின் விரல்கள் ஏன் நின்றன, அந்த அம்மாள் ஏன் வந்தாள், டாக்டர் ஏன் கதவைப் பார்த்தாள் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஹாஜா மறுநாளே ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவுக்குப் போன் போட்டான். பதிவானதை அழிக்க முடியாது, வேண்டுமானால் கூடுதலாக ஒரு விளக்கக் குறிப்பு சேர்க்கலாம், அதற்கு முப்பது வேலை நாள் ஆகும் என்றார்கள். அவன் மூன்று பத்தியில் தமிழ் வினைச்சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினான். அது கிடைத்தது என்று பதில் வந்தது.

நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த பஸீலாவின் அக்கா ரோஷன் பேகம் போனில் கத்தினாள். “நீ மொதல்ல இங்க வாடி. இங்க ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குனா அன்னிக்கே முடிச்சுருவாங்க. ஒங்க ஊர்ல மட்டும் அப்படி என்ன கேடு?” இந்தத் தடை இல்லாத பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில் விசாரித்தபோது பதினாறு நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. காரில் அழைத்துப் போகிறவன்மேலும் எவன் வேண்டுமானாலும் கேஸ் போடலாம் என்று வேறு படித்து, கிரீன் கார்டை நினைத்து ஹாஜா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தான். அதற்காகப் பிற்பாடு அவன் தன்னையே மன்னிக்கவில்லை. அடுத்த நாள் நியூவார்க்குக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான். ஐந்தாம் நாள் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பஸீலாவைச் சுற்றி நீர் பரவியது. ஊழியர்கள் மரியாதையாக, தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகைகள் நான்கைக் கொண்டுவந்து அவளைச் சுற்றி வைத்தார்கள். பெட்டியை உருட்டி வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். இப்படிப் பயணம் செய்யலாம் என்று டாக்டர் கடிதம் இருந்தால் ஏற்றுகிறோம் என்றாள் கவுன்ட்டர் பெண். டாக்டருக்குப் போன் போட்டார்கள். பயணம் செய்யக் கூடாத அளவுக்கு உடம்பு மோசம், அதனால் கடிதம் தர முடியாது என்றது டாக்டரின் அலுவலகம். அவ்வளவு மோசம் என்றால் அட்மிட் பண்ணுங்கள் என்றான் ஹாஜா. அதற்கு அந்த அளவுக்கு மோசமில்லை என்றார்கள். விமானத்தின் கேட் மூடியது. நனைந்த செருப்போடு இருவரும் திரும்பி வந்தார்கள்.

பள்ளிவாசல் இமாம் சிரியாக்காரர். ஹாஜா போய்க் கேட்டதற்கு அவர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தாயைத்தான் காப்பாற்ற வேண்டும், இதை இவ்வளவு நாள் ஏன் தள்ளினீர்கள் என்று கோபித்துக்கொண்டார். மார்க்கத்தில் தடையில்லை, மாநிலத்தில்தான் தடை. ஆக அந்த வீட்டில் எல்லோரும் காய்ச்சலுக்காகக் காத்திருந்தார்கள். ரெபெக்கா டூட்டிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். தலை வலித்தாலும் டைலனால் போடாதீங்க, காய்ச்சலை அமுக்கிவிட்டால் உள்ளே எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவைத்தாள். நர்ஸாக இருந்துகொண்டு, ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று எதிர்பார்த்து நிற்கிறோமே என்று ஒரு நாள் சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, இந்தச் சட்டம் வரணும்னு எங்க சபையில ஜெபம் வெச்சாங்க. நானும்தான் கை தூக்குனேன்” என்றாள். பஸீலா தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டாள். அவளுக்கு வயிற்றுக்குள் பிள்ளை அசைவது தெரிய ஆரம்பித்திருந்தது, அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் அவள் சந்தோஷப்பட்டாள், சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம் தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. நடுவில் நிற்க வேண்டிய நூறு புள்ளி நான்கில் அது நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் இந்த முறை எல்லோரும் ஓடினார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்த இளம் டாக்டர் தானே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். பிள்ளை உயிரில்லாமல் வந்தது, ஆண் பிள்ளை. தாயைக் காப்பாற்ற அன்று மாலையே கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் பஸீலா பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ரோஷன் பேகம் வந்து, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். நூற்று இருபது நாள் தாண்டிய பிள்ளை என்பதால் இமாம் பெயர் வைக்கச் சொன்னார். ஆதிஃப் என்று வைத்தார்கள். உடலைச் சுற்றுவதற்குக் கைக்குட்டை அளவு கபன் துணி போதுமானதாக இருந்தது. பெற்றவள் கண் திறக்காமல் கிடக்க, ஹாஜா அவனை ஒரு உள்ளங்கையில் ஏந்திக் குழிக்குள் வைத்தான்.

பஸீலா பிழைத்து வந்தாள். கருப்பையே இல்லாத உடம்பிலிருந்து நீர் அதே பதினோரு நிமிடத்துக்கு ஒரு வாளி என்ற கணக்கில் வந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் நின்ற இடத்திலும், உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலும் ஊறியது. மூன்று நிபுணர்கள் பார்த்தார்கள். மூவரும் இதற்குச் சாத்தியமில்லை என்று எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மே மாதம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரில் வறட்சி, ஒற்றைப்படை எண் வீடுகள் புதன், சனி மட்டுமே தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம், தங்கள் வீட்டு நீரோட்டத்தையும் அந்த இரண்டு நாட்களுக்குள் முடித்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. ஹாஜா அதையும் ஃபைலில் கோத்து வைத்தான். அடுத்து நகராட்சி ஆள் வந்து சின்னச் சீசாவில் பிடித்துக்கொண்டு போனான். பரிசோதனையில் குளோரின் இல்லை, ஆகவே இது நகராட்சித் தண்ணீர் இல்லை, ஆகவே விதிமீறல் இல்லை என்று முடிவு வந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது.

பழகாதது எது? பஸீலா வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலைக்குத் திரும்பினாள். குளியல் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் லேப்டாப். மீட்டிங்கில் அவள் மைக்கைத் திறந்தால் ஓடைச் சத்தம் கேட்கும். கலிஃபோர்னியாவிலிருந்த மேனேஜர், மனசுக்கு இதமாக இருக்கிறது, இது எந்த ஆப் என்று கேட்டாள். மழைநீர்க் கால்வாயில் விரலளவு மீன்கள் வந்தன, மீனுக்குக் கொக்குகள் வந்தன, கொக்குகளைப் படம் பிடிக்க ரிட்டயர் ஆனவர்கள் வந்தார்கள். ஜனவரியில் பனி இறுகித் தெருவில் எல்லார் வீட்டுக் குழாயும் வெடித்தபோது, இருபத்து மூன்றாம் எண் வீட்டு வெள்ளைக் குழாய் மட்டும் ஆவி பறக்க ஊற்றிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து அதில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டார்கள். அது எதன் சூடு என்று அவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பஸீலா பேசாமலிருந்தது வேறு காரணத்துக்காக. நாக்குதான் பிள்ளையையும் கருப்பையையும் கொண்டுபோனது என்று அவள் தீர்மானித்திருந்தாள். அந்த நர்ஸ் கேட்ட கேள்விகளைத் தினமும் தொட்டிக்குள் உட்கார்ந்து தனக்குத்தானே கேட்டு, சரியான பதிலைச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு மிஸ்கேரேஜ் ஆனது. டேப்லெட் என்று கேட்டால், கர்ப்பிணிகள் சாப்பிடும் வைட்டமின். ஃபைல் எதற்கு, நான் கொண்டு வரவில்லை. இப்படிச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் வந்திருக்க மாட்டாள், டாக்டர் கதவைப் பார்த்திருக்க மாட்டாள், அன்றைக்கே முடித்து அனுப்பியிருப்பார்கள், இன்ஷா அல்லாஹ் அடுத்த வருடம் இன்னொன்று தங்கியிருக்கும். “விடு பஸீலா, ஒன் தப்பு இல்ல” என்று ஹாஜா ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். “நீங்க அங்க வெளிய நின்னீங்க மச்சான். நான்தான சொன்னேன்” என்பாள் அவள்.

2024 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கதவைத் தட்டிக்கொண்டு ஹேலி என்ற பெண் வந்து நின்றாள். தெருவின் மறுகோடியில் இருக்கிறவள், பல் ஆஸ்பத்திரியில் வேலை, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து டெக்சாஸ். இடுப்பைச் சுற்றி ஒரு கடற்கரைத் துண்டைக் கட்டியிருந்தாள். அவள் நடந்து வந்த வழி முழுக்க நடைபாதை நனைந்திருந்தது. இருபத்தோராம் வாரம், வியாழக்கிழமை உடைந்தது என்றாள். நீங்கள் எந்த பம்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன் என்றாள். பஸீலா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, வேறு எதையும் கேட்காமல், ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றாள். ஹேலி சொன்னாள். என் பனிக்குடம் உடைந்துவிட்டது, என் பிள்ளை போகப் போகிறது, உதவி செய்யுங்கள் என்று சொன்னேன். என் நாத்தனார் அங்கேதான் நர்ஸ், அவளே கூட வந்தாள். இதுதான் எனக்கு முதல் பிள்ளை. நூறு புள்ளி நான்கு வந்தால் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸீலா குனிந்து, குரலைத் தாழ்த்தி, அந்தச் சொல்லைச் சொன்னாயா என்று கேட்டாள். எந்தச் சொல் என்று ஹேலி கேட்டாள். பதினைந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை பஸீலா சொன்னாள். இல்லையே, நான் ஏன் அதைச் சொல்லப் போகிறேன் என்று ஹேலி திகைத்துப் பார்த்தாள்.

இதைக் கேட்டதும் பஸீலாவின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. தன் நாக்கின்மேல் தப்பு என்று இருந்தவரைக்கும், சரியாகச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பார்கள் என்ற ஒன்று எங்கேயோ மிச்சம் இருந்தது. அடுத்து வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சரியான சொல் தன்னிடம் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒரு சொல் இங்கிலீஷிலும் இல்லை. அவள் அழுதாள், ஹேலியும் அழுதாள், இரண்டு பேர் நீரும் சேர்ந்து கூடத்தில் கணுக்காலுக்கு ஏறியது. பிறகு பஸீலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நல்ல தெர்மாமீட்டராக வாங்கு. தலை வலித்தாலும் டைலனால் போடாதே. ஹாஜா கராஜிலிருந்த உபரி பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு போய், அவள் வீட்டு ஜன்னலில் குழாய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். ஹேலிக்கு ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது.

இரண்டு வீட்டு நீரைத் தாங்காமல் கால்வாய் வழிந்து, ஆகஸ்டில் தெருவையே தோண்டிப் பெரிய குழாய் பதிப்பது என்று நகராட்சி முடிவு செய்தது. அளவெடுக்க வந்த பொறியாளர் சுவாமிநாதன் திருச்சிக்காரர், நிதானமான மனிதர். பிரஷி க்ரீக் ஓடை வரைக்கும் குழாய் போக வேண்டும், எவ்வளவு அகலம் என்று கணக்குப் போட வேண்டும் என்றார். புல்தரையில் நின்று ஹாஜாவிடம், தெருவில் எத்தனை வீட்டில் சின்ன வயதுப் பெண்கள் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஹாஜா விரல் விட்டு எண்ணினான். முனை வீட்டில் ஒரு மருமகள், அடுத்து இரட்டைப் பெண்கள், சிவப்பு லாரிக்காரன் மனைவி, எதிர்வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் என்று பதினான்கு வந்தது. பஸீலா ஜன்னலுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சார், ஒங்க வீட்ல பொண்ணு இருக்கில்ல?” என்றார் சுவாமிநாதன்.

“இருக்கா. அவ சின்னப் புள்ள, எட்டு வயசுதான் ஆகுது.”

“இந்தப் பைப் அம்பது வருஷம் வரும் சார். அவளயும் சேத்துக்குவோம்.”

ஹாஜா ஜன்னல் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். சுவாமிநாதன் பதினைந்து என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நாடாவை இழுத்துக்கொண்டு போனார்.